முதலாளிக்கும் சேர்த்து ஒரு பூட்டு

கடந்த மாதம் ஒரு வலீமா விருந்தில் என்னோடு ஒரே சஹனில் அமர்ந்திருந்த சகோதர வியாபாரி ஒருவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"நானா, கடக் கணக்கெல்லாம் கம்பியூட்டருக்கு மாத்திட்டேன். பாஸ்வேர்டும் போட்டிருக்கு. இனி யாருக்கும் கை வைக்கேலாதுதானே?"

"பாஸ்வேர்ட் எத்தின பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"கடையில ஆறு பேர். ஆறு பேருக்கும் தெரியும். இல்லாட்டி வேல நடக்காதே."

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்னர் என் கடையிலும் நிலைமை இதேதான். அதற்காக நான் கொடுத்த விலை பணமாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். ஒரு நல்ல பிள்ளையின் மானத்தை அல்லவா விலையாகக் கொடுத்தேன்! அதனால்தான் இந்த வாரம் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாப்பாவின் பேரேடு

பழைய சோனகத் தெருவில் வாப்பா இரும்புச் சாமான் கடை நடத்திய காலத்தில் கணக்கு எழுத ஒரு தடித்த பேரேடு இருந்தது. பக்கங்களுக்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். அதில் பென்சிலால் எழுதக் கூடாது, சுரண்டக் கூடாது, தாள் கிழிக்கக் கூடாது. பிழையாக ஒரு தொகையை எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய தொகை தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான தொகையை எழுதி, கணக்குப்பிள்ளை சிறு கையொப்பம் வைக்க வேண்டும். மாத முடிவில் கூட்டிச் சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டுவிட்டால் அந்தக் கோட்டுக்கு மேலே வாப்பாவே பேனை வைக்க மாட்டார். போன மாதத்துப் பிழை இந்த மாதம் தெரிய வந்தால், இந்த மாதத்தில்தான் அதற்கு ஓர் எதிர்ப்பதிவு எழுதுவார்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று பணிக்கப்பட்ட சமூகம் நாம். எழுதியதை யாரும் எப்போதும் மாற்றலாம் என்றால் எழுதி வைத்து என்ன பயன்? அந்தப் பழைய மனிதர்களுக்கு இது புரிந்திருந்தது. 2008இல் நான் கம்பியூட்டர் வாங்கியபோது பேரேட்டை அலுமாரியில் வைத்தேன். அதோடு சேர்த்து அந்த ஒழுங்கையும் அலுமாரியில் வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

கம்பியூட்டர் கணக்கும் அடிப்படையில் பேரேடுதான். தரவுத்தளம் என்று சொல்கிறார்களே, அதற்குள் இருப்பவை அட்டவணைகள். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சாமான்களுக்கு ஒன்று, பில்களுக்கு ஒன்று, வரி வீதத்துக்கு ஒன்று. பாடசாலையில் படித்தது போல, குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நிரை. அதில் அவருடைய இலக்கம், பெயர், விலாசம், கடன் எல்லை என்று நிரல்கள் இருக்கும்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பில் அட்டவணையில் பெரும்பாலும் வாடிக்கையாளரின் பெயர் இருக்காது. அவருடைய இலக்கம்தான் இருக்கும். பில்லை அச்சிடும்போது அந்த இலக்கத்தைக் கொண்டு போய் வாடிக்கையாளர் அட்டவணையில் பெயரைத் தேடி எடுத்து வரும். ஆகவே ஒரு நிரையில் பெயரை மாற்றினால், அந்த இலக்கத்தில் இதுவரை போட்ட பில்கள் அத்தனையிலும் பெயர் மாறிவிடும். பேரேட்டில் ஒரு சொல்லை மாற்றினால் ஒரு சொல்தான் மாறும். இங்கே ஒரு சொல்லை மாற்றினால் பத்து வருடம் மாறும்.

ஒன்றாம் இலக்க வாடிக்கையாளர்

எங்கள் மென்பொருளில் ஒன்றாம் இலக்க வாடிக்கையாளரின் பெயர் 'ரொக்கம்'. கடனில்லாமல் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரில்தான் பில். ஒன்றாம் இலக்கத்துக்குப் பில் போட்டால் காசு லாச்சிக்கு வந்துவிட்டது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வேறு எந்த இலக்கத்துக்குப் போட்டாலும் அது கடன்.

2017இல் ஒரு திங்கட்கிழமை காலை. வழக்கமாக வரும் கொந்தராத்துக்காரர் ஒருவர் ஆணியும் கூரைத் தகடும் வாங்கி, தன் கம்பனிப் பெயரில் பில் கேட்டிருக்கிறார். அன்று கவுண்டரில் நின்றது வேலைக்கு வந்து ஒரு வாரமும் ஆகாத பையன். புதிய வாடிக்கையாளர் என்ற பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக, திரையில் நின்ற 'ரொக்கம்' என்ற நிரையையே திறந்து, பெயரை அழித்து, கம்பனிப் பெயரைத் தட்டிச் சேமித்துவிட்டான். பில் அழகாக வந்தது. கொந்தராத்துக்காரரும் போய்விட்டார்.

சற்று நேரத்தில் எங்கள் காசாளர் தம்பி வந்து உட்கார்ந்தார். எட்டு வருடமாக என்னோடு இருந்தவர். பட்டியலில் 'ரொக்கம்' என்று தேடினார், கிடைக்கவில்லை. அழிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, 'ரொக்கம்' என்ற பெயரில் புதிதாக ஒரு வாடிக்கையாளரைத் திறந்தார். அதற்குக் கிடைத்த இலக்கம் 846. அன்றிலிருந்து ரொக்க விற்பனையெல்லாம் 846இல் போய் விழுந்தது. மென்பொருளுக்கு 846 என்பது கடன்காரர்.

மூன்று வாரம் கழித்து, மாதக் கணக்குப் பார்க்க வந்த கணக்காளர் என்னைத் தனியே அழைத்தார். "ஹாஜியார், ரொக்க வியாபாரத்தைக் கடன் என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு இலட்சத்துக்கு மேல் நிற்கிறது. யாரிடம் போய் வசூலிப்பீர்கள்?" என்றார். காசு வாங்கிக்கொண்டு கடன் என்று எழுதுவது, கடைகளில் காசாளர்கள் செய்யும் பழைய தந்திரம். எனக்குத் தலை சுற்றியது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒவ்வொரு நாளும் உங்கட கையிலதானே எண்ணித் தந்தேன் முதலாளி" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். மாலையில் அவர் தந்த காசை வாங்கி நானேதான் டயறியில் எழுதினேன். ஆனால் அதில் கடன் வசூலும் ரொக்கமும் கலந்திருந்தன. அந்த டயறியை எடுத்து நாளுக்கு நாள் கூட்டிப் பார்க்கும் பொறுமை அன்று எனக்கு இருக்கவில்லை. கம்பியூட்டர் பொய் சொல்லாது என்று நம்பினேன். நான் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் பார்த்த பார்வையில் சொல்லிவிட்டேன் போலும். அடுத்த வாரம் அவராகவே நின்றுவிட்டார். தெருவில் கதை பரவ எத்தனை நாள் எடுக்கும்?

மென்பொருள் தந்தவர்கள் தொலைபேசியிலேயே 846ஐ ரொக்கமாக மாற்றித் தந்தார்கள். ஒன்றாம் இலக்கத்துக்கு என்ன நடந்தது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நானே செய்த பிழை

2019 டிசம்பர் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. அன்று காலை நானே கம்பியூட்டரில் உட்கார்ந்து, வரி அட்டவணையில் இருந்த 15ஐ அழித்து 8 என்று போட்டேன். புதிய பில்லில் 8 வீதம் சரியாக வந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஜனவரியில் கணக்காளர் நவம்பர் மாதத்துப் பில்கள் சிலவற்றை மீண்டும் அச்சிட்டுக் கேட்டார். அச்சிட்டால் எல்லாவற்றிலும் 8 வீதம்! வாடிக்கையாளர் கையில் இருக்கும் பிரதியில் 15 வீதத்துக்கு ஒரு தொகை. எங்கள் கம்பியூட்டரில் அதே இலக்கப் பில்லுக்கு வேறொரு தொகை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு எதைக் காட்டுவது? பில் கட்டுகளின் காபன் பிரதிகளை வைத்து ஒரு வாரம் இருந்து சரிசெய்தோம்.

இந்தச் சிக்கலைப் பார்க்கத்தான் மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் தங்கை மகனை அழைத்தேன். அவன் வரி அட்டவணையைப் பார்த்துவிட்டு, அப்படியே வாடிக்கையாளர் அட்டவணையையும் திறந்தான். திறந்ததும் கேட்டான்:

"மாமா, ஒன்றாம் நம்பர் ஏன் ஒரு கம்பனிப் பேர்ல இருக்கு?"

"அவர் நம்மட வாடிக்கக்காரர்தான்."

"இவர் எப்ப இருந்து உங்களிட்ட வாறார்?"

"2015 இருக்கும்."

"2008இல இருந்து போட்ட ரொக்க பில் அத்தனையும் இவர் பேர்ல கெடக்கே!"

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு 2017ஆம் ஆண்டு டயறியைத் தேடி எடுத்து, அந்த மூன்று வாரத்தையும் நாளுக்கு நாள் பிரித்துக் கூட்டினேன். 846இல் கடனாக நின்ற தொகை ஒரு சதம் பிசகாமல் என் டயறியில் ரொக்கமாக இருந்தது. தம்பி எண்ணித் தந்த காசை நானே வாங்கி, நானே வங்கியில் போட்டு, நானே அவரைச் சந்தேகித்திருக்கிறேன்.

எதைப் பூட்டுவது?

மருமகன் சொன்ன முதல் பாடம் இது. எல்லா நிரையும் ஒன்றல்ல. மூன்று வகை நிரைகளில் சாதாரண பாவனையாளர் கை வைக்கக் கூடாது.

முதலாவது, மென்பொருளே நம்பியிருக்கும் நிரைகள். 'ரொக்கம்' என்ற வாடிக்கையாளர், வரிக் கணக்கு, ஆரம்ப இருப்பு, பிரதான களஞ்சியம் போன்றவை. இவை நாம் பார்ப்பதற்கு ஒரு பெயர்தான். மென்பொருளுக்கோ அது வீட்டுத் தூண்.

இரண்டாவது, திகதியோடு சேர்ந்த வீதங்கள். வரி வீதத்தை அழித்து மாற்றவே கூடாது. புதிய வீதம் வந்தால், எந்தத் திகதியிலிருந்து என்று குறித்துப் புதிய நிரை ஒன்றைச் சேர்க்க வேண்டும். இலங்கையில் மட்டும் பாருங்கள்: 2019 டிசம்பர் 1இல் 8 வீதம், 2022 ஜூன் 1இல் 12, அதே வருடம் செப்டம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. நான்கு வருடத்துக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் நான்கு மாற்றம். ஒரே நிரையை நான்கு தடவை அழித்து எழுதியவரின் பழைய பில்கள் என்ன கதியாகியிருக்கும்? நான்கு நிரைகளாகச் சேர்த்தவருக்கு எந்தத் திகதிப் பில்லையும் எப்போதும் சரியாக எடுக்கலாம். இதற்கும் மேலாக, பில் போடும்போதே அன்றைய வீதத்தையும் தொகையையும் பில்லின் நிரையிலேயே எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

மூன்றாவது, முடிந்த மாதங்களின் பதிவுகள். வாப்பாவின் சிவப்பு இரட்டைக் கோட்டுக்கு மேலே இருப்பவை. கணக்கு மூடிய பிறகு பிழை தெரிந்தால் இந்த மாதத்தில் எதிர்ப்பதிவு. பழைய நிரை அப்படியே கிடக்கட்டும்.

இவை தவிர்ந்தவற்றைத் திறந்தே வைக்க வேண்டும். இதையும் நான் பட்டுத்தான் அறிந்தேன். முதலில் ஆர்வக் கோளாறில் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தை மாற்றவும் என் கடவுச்சொல் தேவைப்பட்டது. ஒரு மாதம் போகவில்லை, நான் கடையில் இல்லாத நேரம் பார்த்துப் பையன்கள் என் கடவுச்சொல்லைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கள்வர்கள் அல்ல, வாடிக்கையாளர் காத்து நிற்கிறார், என்ன செய்வார்கள்? தேவைக்கு மேல் போட்ட பூட்டு, தேவையான பூட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

எங்கே பூட்டுவது?

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். பூட்டைத் திரையில் போடுவதா, தரவுத்தளத்தில் போடுவதா?

பெரும்பாலான கடை மென்பொருட்களில் பூட்டு என்றால் 'மாற்று' என்ற பொத்தானை மறைத்து வைப்பதுதான். பொத்தான் தெரியாது, ஆகவே மாற்ற முடியாது என்று முதலாளி நிம்மதியாக இருப்பார். மருமகன் என் கண் முன்னாலேயே எங்கள் மென்பொருளைத் திறக்காமல், வேறொரு வழியாக நேராக அட்டவணையைத் திறந்து, சிமெந்து மூடையின் விலையை மாற்றிக் காட்டினான். "முன் கதவுக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கீங்க மாமா. பின்னால சுவரே இல்ல" என்றான். பொத்தானை மறைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் நடக்கும் பிழையை அது தடுக்கும். 2017இல் அது இருந்திருந்தாலே என் கதை வேறு. ஆனால் தெரிந்தே செய்பவரைத் தடுக்காது.

தரவுத்தளத்துக்குள்ளேயே பூட்டுப் போட வழிகள் உண்டு. நான் பொறியியலாளர் அல்ல. மருமகன் விளங்கப்படுத்தியதை வியாபாரி பாஷையில் சொல்கிறேன்.

முதல் வழி, அனுமதி. ஒவ்வொரு பாவனையாளரும் எந்த அட்டவணையைப் பார்க்கலாம், எதில் சேர்க்கலாம், எதை மாற்றலாம், எதை அழிக்கலாம் என்று தரவுத்தளத்திடமே சொல்லி வைக்கலாம். குறை என்னவென்றால், இந்த அனுமதி வழக்கமாக முழு அட்டவணைக்குமானது. 'இந்த நிரையை மட்டும் தொடாதே' என்று அதனால் சொல்ல முடியாது. அதனால் தொடக் கூடாத நிரைகளைத் தனி அட்டவணை ஒன்றில் வைத்து, அந்த அட்டவணைக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுப்பவர்களும் உண்டு. சிறிய கடைகளுக்கு இது எளிது.

இரண்டாவது வழி, டிரிகர் எனப்படும் காவல்காரன். அட்டவணையில் 'பூட்டு' என்று ஒரு நிரலைச் சேர்த்து, தொடக் கூடாத நிரைகளில் 1 என்று போட்டு வைப்பது. யாராவது ஒரு நிரையை மாற்றவோ அழிக்கவோ முனைந்தால், அது நடப்பதற்கு முன் காவல்காரன் எழுந்து அந்த நிரலைப் பார்ப்பான். 1 என்றால் கட்டளையைத் திருப்பி அனுப்புவான். எந்தக் கதவால் வந்தாலும், அட்டவணைக்குள் நுழையும் இடத்தில் இவன் நிற்பான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. காவல்காரன் மாற்றத்துக்கு முன்னிருந்த பெறுமதியைத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரன் ஒருவன் 'பூட்டு' நிரலையும் சேர்த்துப் பூச்சியமாக்கிவிட்டு வேலையை முடித்துவிடுவான். இன்னொன்று, மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் முழு அட்டவணையையும் ஒரேயடியாகக் காலி செய்யும் கட்டளை, அழிப்பதற்குக் காவல் நிற்கும் டிரிகரை எழுப்பாமலே போய்விடும். அந்தக் கட்டளைக்கான அனுமதியைத் தனியே பறித்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி, நிரை மட்டத்திலேயே சட்டம் போடுவது. பெரிய தரவுத்தளங்கள் இதைத் தருகின்றன. ஒரக்கிள் 1999இல் வந்த 8ஐ பதிப்பிலேயே இந்த வசதியைக் கொண்டுவந்தது. போஸ்ட்கிரெஸ் 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் தந்தது. மைக்ரோசொப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரில் 2016 பதிப்பிலிருந்து உண்டு. போஸ்ட்கிரெஸ் இலவசமாகவே கிடைப்பது. ஆகவே 'இதெல்லாம் வங்கிகளுக்குத்தான், நமக்குக் கட்டுப்படியாகாது' என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை.

ஒரு நிரையை வேறு பதிவுகள் நம்பியிருந்தால் அதை அழிக்க விடாத தொடர்புக் கட்டு ஒன்றும் தரவுத்தளங்களில் உண்டு. எங்கள் மென்பொருளிலும் இருந்தது. அந்தப் பையன் 'ரொக்கம்' நிரையை அழிக்கப் பார்த்திருந்தால் தரவுத்தளம் விட்டிருக்காது. ஆனால் பெயரை மாற்ற விட்டது. அழிப்பதைத் தடுத்தவர்கள் மாற்றுவதைத் தடுக்க மறந்தார்கள். அழிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாறியதால் இரண்டு வருடத்துக்கு மேல் தெரியவில்லை.

பிரதான சாவி யாரிடம்?

இத்தனையும் செய்தாலும் ஒரு சாவி மிஞ்சும். அதுதான் தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல். அது கையில் இருப்பவர் காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பலாம். போஸ்ட்கிரெஸில் நிரை மட்டச் சட்டம் அட்டவணையின் சொந்தக்காரருக்குப் பொருந்தாது, அவருக்கும் பொருந்தட்டும் என்று தனியாகக் கட்டளையிட்டால்தான் பொருந்தும். தலைமைப் பாவனையாளரை அதுவும் கட்டுப்படுத்தாது. பல சிறு கடைகளில் கவுண்டர் மென்பொருளே இந்தத் தலைமைச் சாவியோடுதான் தரவுத்தளத்துக்குள் போகிறது என்றும், அந்தக் கடவுச்சொல் கம்பியூட்டரில் ஒரு சாதாரண கோப்பில் எழுதிக் கிடக்கும் என்றும் மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெட்டகத்தை வாங்கிச் சாவியை அதன் மேலேயே தொங்கவிட்ட கதை.

ஆகவே பூட்டோடு ஒரு சாட்சியும் வேண்டும். யார், எந்தத் திகதியில், எந்த நேரத்தில், எந்த நிரையில், எதை எதுவாக மாற்றினார் என்று தானாகப் பதியும் தடப்பதிவு. வாப்பாவின் கணக்குப்பிள்ளை ஒற்றைக் கோடு இழுத்துச் சிறு கையொப்பம் வைத்தாரே, அதேதான் இது. இந்தியாவில் கம்பனிகள் பாவிக்கும் கணக்கு மென்பொருளில் இப்படியான தடப்பதிவு இருக்க வேண்டும், அதை நிறுத்த முடியாமலும் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியாக்கியிருக்கிறார்கள். எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கம்பியூட்டர் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் பிணக்கு என்று வந்தால், யாரும் எப்போதும் மாற்றக்கூடிய பதிவை யார் பெறுமதியாக எடுத்துக்கொள்வார்கள்?

இப்போது என் கடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல். தலைமைக் கடவுச்சொல் உறையில் ஒட்டி, கணக்காளரின் அலுவலகத்தில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் நானும் அவரும் சேர்ந்திருக்க வேண்டும். மாத முடிவில் கணக்கை மூடியதும் ஒரு பிரதி கடைக்கு வெளியே போகிறது, ஓர் அச்சுப் பிரதி கோப்பில் ஏறுகிறது.

'கம்பியூட்டர் விடாது'

கடந்த வருடம் ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தார். நல்ல மனிதர், இலட்சக்கணக்கில் வியாபாரம் தருபவர். போன மாதத்துப் பில் ஒன்றின் திகதியை அதற்கு முந்திய மாதத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். "நானா, ஒரு திகதிதானே? தொகையில கை வைக்கச் சொல்லலியே" என்றார். 2017இல் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் செய்து கொடுத்திருப்பேன், உண்மையை ஏன் மறைக்க வேண்டும்?

"கம்பியூட்டர் விடாது" என்றேன். அவர் நம்பவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, அவர் முன்னாலேயே மாற்றப் பார்த்தேன். 'மூடிய மாதம், மாற்ற முடியாது' என்று வந்தது. முகம் சற்றுச் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த மாதமும் வந்தார்.

கவுண்டரில் நின்ற பையன்கள் இருவரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியாலும் முடியாது என்பதை அன்று கண்டார்கள். அதற்குப் பிறகு பூட்டைப் பற்றி முணுமுணுப்பு இல்லை. வேலையாட்களுக்கு மட்டும் போடும் பூட்டு அவமானம், எல்லோருக்கும் போடும் பூட்டுத்தான் ஒழுங்கு. முதலாளி வேண்டியபோது திறந்து மாற்றுவதைப் பார்த்து வளரும் பையன், நாளை தானும் மாற்றினால் அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா?

நம்மவர்களில் சிலர், "என் பையன்களை எனக்கு நம்பிக்கை, பூட்டுத் தேவையில்லை" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். நம்பிக்கையை நம்பி ஒழுங்கை விட்டேன். ஒழுங்கு இல்லாததால் பிழை வந்தது. பிழை வந்தவுடன் முதலில் போனது அந்த நம்பிக்கைதான். அந்த ஒரு நிரைக்குப் பூட்டு இருந்திருந்தால், அல்லது யார் மாற்றினார் என்று ஒரு வரி பதிந்திருந்தால், அந்தத் தம்பி என் முன்னால் முகம் வெளுத்து நின்றிருக்க மாட்டார்.

மென்பொருள் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், பில் எத்தனை செக்கனில் வரும் என்று கேட்கிறோம். இனி இவற்றையும் கேளுங்கள்:

- மென்பொருள் நம்பியிருக்கும் நிரைகளின் பெயரை யாராவது மாற்ற முடியுமா?
- வரி வீதம் மாறினால் பழைய நிரை மாறுமா, புதிய நிரை சேருமா?
- மூடிய மாதத்தில் கை வைக்க முடியுமா?
- பூட்டு திரையில் மட்டுமா, தரவுத்தளத்திலும் உண்டா?
- கவுண்டர் மென்பொருள் எந்தக் கடவுச்சொல்லால் தரவுத்தளத்துக்குள் போகிறது?
- மாற்றங்களின் தடப்பதிவை யார் பார்க்கலாம், யாராவது அழிக்க முடியுமா?
- இந்தப் பூட்டு முதலாளிக்கும் பொருந்துமா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை, உங்களுக்கு எல்லாம் திறந்திருக்கும் ஹாஜியார்' என்று சிரித்துக்கொண்டு பதில் சொன்னால், அந்த மென்பொருளை வாங்க அவசரப்பட வேண்டாம்.

2020 ஜனவரி முடிவதற்குள் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். கொழும்புக்கு வெளியே ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். டயறியையும் கையில் கொண்டு போயிருந்தேன். அவருடைய முதலாளிக்கு முன்னாலேயே, பிழை என்னுடையது என்று சொன்னேன். தெருவில் பரவிய கதையை என்னால் திரும்ப அள்ள முடியாது, அந்த ஓர் இடத்திலாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் டயறியைத் திறந்தும் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும் முதலாளி. நான்தானே எண்ணினேன்" என்றார். திரும்பி வருமாறு கேட்டேன். வரவில்லை.

எங்கள் கம்பியூட்டரில் ஒன்றாம் இலக்கம் இப்போது மீண்டும் 'ரொக்கம்'தான். அதை மாற்ற என்னாலும் முடியாது.